பாதிக்கும் வண்ணம்

ஒப்பந்தம், பதினாறாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு:
தன் தொழிலாளர் சட்டத்தை ஒரு நாடு
மீண்டும் மீண்டும் கைவிட்டிருக்க வேண்டும்,
அதுவும்
வணிகத்தைப் பாதிக்கும் வண்ணம்.

அந்தக் கடைசி மூன்று சொற்களுக்கு
ஒடிலியா மெம்ப்ரெனோ
பதினோரு ஆண்டுகள் கொடுத்தாள்.

ஜெனீவாவில், ஏரி தெரியாத பக்கத்து அறை.
வெப்பக்குழாய் விடியுமுன் இருமும்.
பாதிப்பு என்றால் விலையிலா, அளவிலா?
ஒரு கை வெந்துபோனால்
கப்பலில் எத்தனை பெட்டி குறையும்?
"குறையாது, இன்னொரு கை வந்துவிடும்,
அதுதானே நம் சிக்கல்" என்றான் யூர்க்.
நல்லவன். ஆரஞ்சு உரித்துப்
பாதியை அவள் பக்கம் தள்ளினான்.

சோலோமாவிலிருந்து வாக்குமூலங்கள் வந்தன.
பழிவாங்கிவிடுவார்கள் என்று
பெயர்களின் மேல் கறுப்பு மை இழுத்தவள் அவள்தான்.
பதினேழாம் சாட்சி: சாயத்தொட்டி.
சங்கத்தில் சேர்ந்த மறுவாரம் கையுறை தரவில்லை.
கொப்புளம். விடுப்பு இல்லை. பிறகு வேலையும் இல்லை.
இருபத்தாறு வரி.
அடிக்குறிப்பு 214-இல்
அது ஒன்றரை வரி ஆயிற்று.

தீர்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
மீறல் உண்டு.
மீண்டும் மீண்டும் உண்டு.
வணிகம் பாதிக்கப்பட்டதென நிறுவப்படவில்லை.
யாரோ எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார்கள்.
அந்த மூன்று சொற்களை அவளளவு அறிந்தவர் இல்லையென்று
மார்ச்சில் பதவி உயர்வு.

டெகுசிகால்பாவில் பிறந்தும்
சோலோமாவுக்கு அவள் போனதில்லை, அதுவரை.
சாயப்பட்டறை இருந்த இடத்தில் பழைய டயர் விற்கிறார்கள்.
இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரையின் கீழ்
பதினேழாம் சாட்சி பலேயாடா சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைப் படித்துக் காட்டு."
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் புரட்டி
ஒன்றரை வரி படித்தாள்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
"இன்னொரு தடவை."
படித்தாள்.
சாட்சி அடையைத் திருப்பிப் போட்டாள்.
மணிக்கட்டுவரை தோல் வெளுத்து,
நகக்கண்களில் மட்டும் நீலம் இன்னும் போகாத கை.
அதுவும் ஒரு வண்ணம்தான்,
சட்டம் கேட்ட வண்ணம் அன்று.
"இடது கை என்கிறதே உன் புத்தகம்.
இது வலது."

விடுதியில் மூலத்தை எடுத்துப் பார்த்தாள்.
வலது என்றுதான் இருந்தது, இரண்டு இடத்தில்.
சுருக்கியபோது மாறியிருக்கிறது, அவள் கையில்.
மூன்று நடுவர்கள், இரு நாட்டு வழக்கறிஞர்கள், யூர்க்,
ஒருவர் கண்ணிலும் படவில்லை.

திருத்த விண்ணப்பத்துக்கு ஒரு படிவம் உண்டு.
அதன் அடியில் சிறிய எழுத்தில்:
முடிவைப் பாதிக்கும் வண்ணம் இல்லாத பிழைகள்
திருத்தப்படமாட்டா.

தெரிந்தேதான் நிரப்பினாள்.
பக்கம். குறிப்பு எண். இடது அல்ல, வலது.
சம்பந்தப்பட்டவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
அடைக்குக் காசு கொடுத்தாள்,
மீதிச் சில்லறையைக்கூட எண்ணி வாங்கினாள்.
பெயரை எழுதலாமா என்று
கேட்க மறந்துவிட்டாள்.