ஏழாம் கட்டில்

புந்தா அரேனாஸில் காற்றிடம் எல்லா வீட்டுச் சாவியும் உண்டு.
ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தால்
நோயாளிக்கு முன்னால் அதுதான் உள்ளே வரும்.

அன்றைக்கு அதன் பின்னால் எலெயுதேரியோ மன்சில்லா வந்தார்.
நண்டுப் படகுக்காரர். வயது அறுபத்தொன்று.
நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்திருந்தது.
காலில் ரப்பர் பூட்ஸ்,
முழங்கால் வரைக்கும் உப்பு.

ஒன்பது மணி நேரம்
அவசரப் பிரிவின் மூன்றாம் திரைக்குப் பின்னே
அவருக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டது.
நான்காம் மாடியில் இடமில்லை.
தொலைபேசியை எடுக்கும்போது யாஸ்னாவின் புருவம் ஏறும்,
வைக்கும்போது இறங்கும்.
அவர் மனைவி ஒதிலியா
அந்தப் புருவத்தையே படித்துக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவு தாண்டி இருபது நிமிடத்தில்
"ஏழாம் கட்டில்" என்றார்கள்.

எனக்கு ஏழாம் கட்டிலைத் தெரியும்.
பதினொன்றரைக்கு அதைக் காலி செய்தவனே நான்தான்.
பின்பக்க லிஃப்ட், வெள்ளைத் துணி, கீழே அந்தக் குளிர் அறை.
கிரிமில்டா பார்ரியா. பள்ளி பஸ் ஓட்டியவள்.
நகங்களில் பச்சைப் பூச்சு,
ஒன்றில் மட்டும் உரிந்திருந்தது.

கிளம்புமுன் யாஸ்னா உரக்கச் சொல்வாள்,
நாங்கள் தொட்டுக் காட்டுவோம்.
குழாய், பல்லோரம் இருபத்திரண்டு.
சிலிண்டர், பாதிக்கு மேல்.
மருந்து பம்புகள் நான்கு.
இயந்திரம் கைவிட்டால் கையால் அமுக்க ஒரு பை, தலைமாட்டில்.
அவள் கேட்காததை எனக்குள் சொல்லிக்கொள்வேன்:
இடது முன் சக்கரம் இழுக்கும்.

தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை.
நூற்றுப் பன்னிரண்டு எட்டு, ஒரு லிஃப்ட், ஒரு வளைவு.
என் வீட்டிலிருந்து ரொட்டிக் கடை இதைவிடத் தொலைவு.
ஆனால் சுவரில் இருந்த ஆக்ஸிஜனைப் பிடுங்கிச்
சிலிண்டரில் செருகியதும்
கரை விட்டாயிற்று.

எக்ஸ்ரே அறை வாசலில் ஓர் ஓடு பெயர்ந்திருக்கிறது,
அங்கே மெல்ல.
லிஃப்ட் முன் நின்றபோது ஒதிலியா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.
"அங்கே இருந்தவர் குணமாகிப் போய்விட்டார், இல்லையா?"

லிஃப்ட் வந்துவிட்டது, சென்யோரா, என்றேன்.
அது உண்மை.

வாசலில் இரண்டு விரற்கடை இடைவெளி.
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல்
முன் சக்கரத்தைத் தூக்கி வைத்தேன்.
அவளுக்கு உள்ளே இடமில்லை.

இரண்டாம் மாடியில் எண்பத்தெட்டு.
எண்பத்து நான்கு.
எண் இறங்க இறங்க அந்தப் பெட்டியின் குரலும்
கிணற்றுக்குள் போவதுபோல் இறங்கும்.
டாக்டர் ஓயார்ஸோ, சின்னப் பையன்,
திருகைத் திருப்பினான், பையை எடுத்தான், நெஞ்சைப் பார்த்தான்.
எழுபத்தொன்பது.
பேசுவது என் வேலை இல்லை.
"ஹோஸ்" என்றேன்.
கட்டில் கம்பிக்கும் லிஃப்ட் சுவருக்கும் நடுவே
மடங்கிக் கிடந்தது அவருடைய காற்று.
ஊரெல்லாம் கூரை பிடுங்கும் காற்று,
இங்கே ஒரு விரல் வழி இல்லாமல்.
இடுப்பால் கட்டிலை நெம்பினேன்.
எண்பத்தொன்று.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
தொண்ணூறு.

கதவு திறந்தால் ஒதிலியா நிற்கிறாள்,
நான்கு மாடியும் படியேறி.
அவள் மூச்சு வாங்குவது
வராந்தா முழுக்கக் கேட்டது.

ஏழாம் கட்டிலில் புது விரிப்பு.
ஐந்து பேர், மூன்று என்று எண்ணி, ஒரே தூக்கு.
பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
காலி டிராலி அதிகச் சத்தம் போடும்.

கீழே மூன்றாம் திரைக்குப் பின்னால்
அதற்குள் வேறொருவர் முனகுகிறார்.
அவர் காலடியில் அந்த பூட்ஸ்.
ஒன்றினுள் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, இன்னும் ஈரம்.
சீட்டு ஒன்று எழுதிக் கட்ட வேண்டும், அது விதி.
மன்சில்லா, எலெயுதேரியோ. ஏழாம் கட்டில்.

பென்சிலால் எழுதினேன்.
பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.