பதினேழாம் கடை

சந்தைக் கடைகளுக்குச் சீட்டுக் குலுக்கும் பெட்டி
நான் செய்தது. உள்ளங்கை அளவு.
சாட்ஸ்வொர்த், வெள்ளிக்கிழமை, விடியாத நான்கரை மணி.
பொத்தானை அழுத்தினால்
அறுபத்திரண்டு பெயருக்கும் அறுபத்திரண்டு இடம்.

தனபாக்கியம் கோவெண்டர் வந்து நின்றார்,
இடுப்பில் கொத்தமல்லிக் கூடை.
"அந்த வாரம் கரண்ட் போயிருந்தா
வெள்ளிக்கிழமை எனக்குப் பதினேழு.
சாக்கடைப் பக்கம்.
மூணு தடவை பாத்துட்டேன்."

தற்செயல் என்றேன்.
தற்செயலுக்கு எஸ்காம் அட்டவணை
எப்படித் தெரியும் என்றார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தேன்.
கடிகாரத்துக்கு மின்கலம் வைக்கவில்லை;
முப்பது ராண்ட் மிச்சம் பிடித்த மறதி.
மின்சாரம் போய்த் திரும்பினால் அதற்கு எப்போதும்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது,
ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
கண் விழித்த அந்த நொடிதான் விதை.
சுரை போட்டால் அவரையா காய்க்கும்?
அதே விதை, அதே வரிசை, அதே பதினேழு.

"எழுபதா?" என்றார், விளக்கியபோது.
"அப்பவும் நம்பர் குடுத்தாங்க. எனக்கு ஏழு வயசு.
லாரியில அலமாரிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவுல வந்தேன்.
வீடு நானூத்திப் பன்னெண்டு.
அதையும் யாரும் குலுக்கல."

இம்முறை கடிகாரத்தை நம்பவில்லை.
ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழாகப் பூட்டினேன்.
அடைத்த வாசலில் எலெக்ட்ரான்கள் முட்டிச் சிதறும் இரைச்சல்,
நிலையம் பிடிபடாத ரேடியோ மாதிரி.
எந்த நொடி எது தாண்டும், அதற்கே தெரியாது.
அந்த இரைச்சலும் கொஞ்சம் ஒரு பக்கம் சாயும்;
ஆகவே இரண்டிரண்டாக எடுத்து
ஒன்றுபோல் வந்த சோடிகளை எறிந்தேன்.
முறத்தில் பாதிக்கு மேல் பதர்.
மீதி போதும்.

புதன் இரவு கரண்ட் போயிருந்தது.
வெள்ளி, எல்லாரும் பார்க்க அழுத்தினேன்.
தனபாக்கியம் கோவெண்டர்: பதினேழு.

யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது.
அறுபத்திரண்டில் ஒன்று, அதுவும் நடக்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கேட்டது வேறு:
"மத்தவங்களுக்கு?"

திரையைத் திருப்பினேன்.
ஈர விரலால் ஒவ்வொரு பெயராக இறங்கினார்,
கடைசி மீன்காரர் வரைக்கும்.
எல்லாம் இடம் மாறியிருந்தன.

"சரி" என்றார்.
கூடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தவர்
பாதி வழியில் திரும்பினார்:
"அடுத்த வாரமும் வருமா?"

வரலாம் என்றேன்.