இரண்டா, நாலா

இடவப்பாதி தொடங்கி மூன்றாம் நாள்
டார்ச் அடித்து எண்ணினேன்.
ஓட்டுகிற பக்கத்துக் கதவின் கீழே பதினேழு.
மறுபக்கம் எண்ணவில்லை, மனசு வரவில்லை.
மயிரிழை முறிவைத் தேடியே பழகிய கண்
எனக்கு.
எல்லாம் கடுகளவு வெள்ளை.
ஒன்றில் மட்டும் துரு
அதற்குள் கண் திறந்திருந்தது.

நீல நிறம். இரண்டே கதவு.
கொச்சியில் யாரோ ஓட்டி அலுத்த வண்டி,
பதினோரு வருட இரவு ஷிப்டுகளின் விலை.
"ஒனக்கு எதுக்கு இந்தத் தவளை?"
என்று சிரித்தான் அண்ணன் பெல்வின்.
தவளைதான்.
தரையோடு தரையாய் உட்கார்ந்திருக்கும்.
அகலமான டயர், போகிற வழியெல்லாம்
கல் பொறுக்கும்,
பொறுக்கியதைத் தன் உடம்பிலேயே எறியும்.

தக்கலையிலிருந்து தோண்டிப் போட்ட சாலை.
செம்மண், ஜல்லி, மழை,
முன்னால் ஒழுகிக்கொண்டே போகும் எம்-சாண்ட் லாரி.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே ஆன்சலின் கடை.
வௌவால்போல் வரிசையாய்த் தொங்கின
மட்ஃபிளாப்புகள்.
கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தட்டிக் காட்டினான்.
வேகத்தடையில் இடித்தால் உடையும்,
உடையும்போது பம்பரையும் கூட்டிக்கொண்டு போகும்.
ரப்பரை மடக்கிக் காட்டினான்.
மடங்கியது, நிமிர்ந்தது.
குலசேகரத்துப் புகைக்கூடத்தின் வாடை
அதில் இருந்ததோ, நானே நினைத்துக்கொண்டேனோ.

"ரெண்டு ஓட்டை போட்டா அசையாது, சிஸ்டரே."
ஓட்டை வேண்டாம்.
மண்டைக்காட்டு உப்புக்காற்று
ஓட்டைக்குத்தான் காத்துக் கிடக்கிறது.
இருக்கிற திருகிலேயே மாட்டு.
டயரைவிட ஒரு விரல் அகலம் கூட இருக்கட்டும்,
தரைக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும்.
"வெளிய துருத்தித் தெரியும். சேலு போயிரும்."
போகட்டும்.

இன்னொன்றும் சொன்னான்,
குரலைத் தாழ்த்தி, நோயைச் சொல்வதுபோல.
ஃபிளாப்புக்கும் பெயிண்டுக்கும் நடுவே
மணல் புகுந்தால் அதுவே அரம்.
மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் என்றால்
கேட்கவே வேண்டாம்,
காவலுக்கு வைத்ததே உட்கார்ந்து அறுக்கும்.
"உள்ள ஒரு பிலிம் ஒட்டணும்.
மாசத்துக்கொருக்க கழத்திக் கழுவணும்."

எக்ஸ்ரே அறையில்
ஈய அங்கி சுமக்கிற தோள் என்னுடையது.
அங்கி பதித்த தடம் குளிக்கும்போது தெரியும்.
அதனால் தலையாட்டினேன்.

"முன்னுக்கு மட்டுமா, நாலுமா?"
முன்னுக்கு.
முன்சக்கரம்தானே என் கதவைக் கொத்துகிறது.
பின்சக்கரம் எறிவது என் வண்டியில் படாதே.
"படாது," என்றான்.
"பொறத்த வாறவனுக்குப் படும்."
சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் தேடினான்.
அது வியாபாரமாகவும் இருக்கலாம்.

நேற்று ஒரு குழந்தை, முழங்கை.
அசையாமல் பிடித்துக்கொள்ள அப்பா உள்ளே வந்தார்.
பொத்தான்வரை போனவள் திரும்பி
கொக்கியில் கிடந்த இன்னொரு அங்கியை எடுத்து
அவருக்கு மாட்டிவிட்டேன்.
யோசித்துச் செய்யவில்லை,
கை தானாகப் போனது.

எண்ணூறு ரூபாய் கூடுதல்.
மழைக்குள் பார்த்தேன்.
மொபெட்டில் ஒருவர், பின்னால் மீன் பெட்டி,
ஹெல்மெட்டில் கண்ணாடி இல்லை.
ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால்
லாரியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

"நாலும் போடு," என்றேன்,
கொஞ்சம் எரிச்சலோடுதான்.

வரும் வழியில் பின்னால் ஏதோ உரசியது.
இரணியல் வளைவில் நிறுத்தி,
சேலையைத் தூக்கிச் செருகிக் குனிந்து பார்த்தேன்.
இடது பின்பக்கம்.
நாலு விரல் என்று சொன்னது சரிதான்.
ஆன்சலின் விரல்
என்னுடையதைவிட மெலிசு.