சுருக்கு

உலான்பாட்டரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஈயக் கவசத்துக்குள் வியர்க்கிறது ஓயுங்கெரெலுக்கு.

தொடைச் சிரைவழியே
ஏறுகிறது கம்பி, நுனியில் சுருக்கு.
லுவ்சன்தாஷ் விழித்திருக்கிறான்,
மரத்தது இடுக்கு மட்டும்.
திரையில் அவன் இதயம்:
கீமோ குழாயில் முறிந்த நாலு சென்டிமீட்டர்
வலது கீழறையில் துள்ளித் திரிகிறது.

வீசினாள். நழுவியது.
வீசினாள்.
எகிறியது துடிப்பு, மானிட்டர் அலறியது.

"துரத்தினா சிக்காது டாக்டர்.
முரட்டுக் குதிரைன்னா நாங்க
அது திரும்புற இடத்துல கண்ணியைத் திறந்துவச்சு
சும்மா நிப்போம்."

"வாயை மூடு. மூச்சைப் பிடி."

ஆனாலும் நின்றாள்.
வால்வு வாசலில் சுருக்கு விரிந்திருக்க
ஏழு துடிப்பு, எட்டு,
தானே வந்து தலை நுழைத்தது.

எஃகுக் கிண்ணத்தில் புழுப்போல ஒரு பிளாஸ்டிக்.
"இதுக்கா இத்தனை!" என்று சிரித்தவன்,
ஒரு வாரம் குதிரை ஏறாதே என்றதும்
அப்போதுதான்
முகம் சுளித்தான், வலித்தவன்போல்.