கைமடி

"சரக்குப் போயிருச்சுன்னு போட்டுடு சாமி"
முதலாளி சொல்லிவிட்டு நிட்டிங் பக்கம் போனார்.
ஹாம்பர்க்கில் ஆபீஸ் மூட இன்னும் கால்மணி.

அனுப்புகிற வினை பாட்டுக்குக் கிடக்கிறது.
அதன் முன்னால் ஒட்டும் துண்டில்தான் என் சம்பளம்.
ஹேஸ் பீன் என்றால் பெட்டி தூத்துக்குடியில்.
ஈஸ் பீயிங் என்றால் லாரி வாசலில்.
வில் பீ என்றால், உள்ளபடி,
செக்கிங் மேஜையில் நூல் பிசிறோடு.

திருப்பூரில் இது தெரிந்த கணக்கு.
டைலர் ஓட்டுவார்,
துணி மடித்து நீட்டுகிற கைமடிக்குப் பாதிக் கூலி.
அந்தக் கை நின்றால் லைனே நிற்கும்.
ப்ளஸ் டூ லீவில் நானும் கைமடி.

குட் யூ, வுட் யூ எல்லாம் மெத்தென்ற ஆட்கள்.
எங்கள் 'ங்க'வைக் கொஞ்சமாவது
அவற்றில்தான் மடித்து வைக்க முடிகிறது.

பாவாத்தாள் கதவோரம் வந்தாள்:
"நாளைக்கு வேலை இருக்குமுங்களா?"

இருக்கும். இருக்கலாம். இருக்கோணும்.
மூன்றுக்கும் இங்கிலீஷில் தனித்தனி ஆள் உண்டு.
யாரைக் கூப்பிட?

ஹேஸ் பீனை அழித்தேன்.
வில் பீ போட்டு
அனுப்பிவிட்டேன்.

அவள் இன்னும்
நின்றுகொண்டிருக்கிறாள்.