ஒருமனதாக

அயோவாவில், நூலகத்துப் பின்னறையில்
ஏழு பேர் கூடினோம், தேனீக்களைக் காக்க.
தலைவர் பதவி என்றதும்
எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தோம்.
தோரா கழிவறைக்குப் போன நேரத்தில்
ஒருமனதாக அவளைத் தேர்ந்தெடுத்தோம்.
செயலாளர் நான்.
எப்படி என்பதைக் குறிப்பில் எழுதவில்லை.

கையிருப்பு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
விருந்து வைத்து நிதி திரட்டலாம் என்றார் வெண்டல்.
தோரா சாலைத் துறைக்குப் போன் போட்டாள்.
மறுநாளும் போட்டாள்.
பதினோராம் நாள், சலித்துப்போன ஒருவன்
வடக்குச் சாலையோரப் புல்லை
அக்டோபர் வரை வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டான்.

ஆகஸ்டில் அங்கே வண்டியை நிறுத்தினேன்.
இடுப்பளவு மஞ்சள்.
முதுகில் துருநிறத் திட்டோடு ஒரு குண்டுத்தேனீ
பூவைத் தண்டோடு வளைத்துத் தொங்கியது.
கணக்கெடுக்கும் தாள் காரிலேயே கிடந்தது.

நேற்றோடு தோராவின் பதவிக்காலம் முடிந்தது.
மூன்று வருடம் போதும் என்று
சாவியை மேசை நடுவில் வைத்தாள்.
இரண்டு மணி நேரக் கூட்டம்.
காபி இரண்டு முறை வந்தது,
யாரும் தொடவில்லை.
வெண்டல்
கால்மேல் போட்ட காலை மாற்றி மாற்றிப் போடுகிறார்.
எழுந்திருக்கத்தான் ஆளில்லை.