ஒறக்கப் பதிவேடு

பள்ளியாடிக்கு அந்தப்பக்கம் இருந்த கேட்டை எடுத்துவிட்டார்கள்.
கீழே சுரங்கப்பாதை.
எடவப்பாதி மழைக்கு அதில் முட்டளவு தண்ணீர்.
மேலே ரயில்
யாரையும் கேட்காமல் போகிறது.

பத்தொன்பது வருஷம்
ராத்திரியில் போன் அடிக்கும்.
இரணியலிலிருந்து ஒரு குரல்:
கேட் அடைச்சாச்சா?
அடைச்சாச்சு சார்.
ரகசிய எண் சொல்வேன், நேரம் போடுவேன்,
கையெழுத்து வைப்பேன்.
அதற்குள் கண் அசந்தால்
ஒரு பஸ் நிறைய ஆள்.

இப்போது நாகர்கோவிலில் பகல் வேலை.
ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணுகிறேன்.
ராத்திரிக்கு மெத்தை உண்டு, ஃபேன் உண்டு,
ஒறக்கம் மட்டும் வரல்ல.
எல்லாம் அடங்கிய ஒரு நேரத்தில்
யாரோ கூப்பிட்டதுபோல் கண் திறக்கிறது.
கை தானாகப் போனைத் துழாவுகிறது,
சுவரில்.

தக்கலையில் டாக்டர் ஷெரின்
என் மகள் வயதுதான் இருக்கும்.
மாத்திரை எழுதவில்லை. ஒரு நோட்டு வாங்கச் சொன்னார்.
படுத்த நேரம், முழித்த நேரம், எழும்பின நேரம்.
உச்சைக்குமேல சாயா வேண்டாம்.
வரல்லன்னா கட்டில்ல கிடந்து புரளாதீங்க,
எழும்பி வேற எங்கயாவது போய் இரிங்க,
கண்ணு சொருகினா மட்டும் திரும்பிப் போங்க.
எப்ப ஒறங்கினாலும் காலத்த அஞ்சரைக்கு எழும்பணும்.
ஞாயித்துக்கிழமையுமா?
ஞாயித்துக்கிழமையும்.
கடிகாரத்தைத் திருப்பி வச்சிருங்க.
நேரம் எப்படிப் போட?
உத்தேசமா எழுதுங்க, போதும்.

உத்தேசமாக எழுதிய கேட்மேன்
இந்த லைனில் உண்டா?

கடிகாரம் சுவரைப் பார்த்திருந்தது.
வண்டிகள் எனக்கு மணி சொல்லிப் போயின.
முதல் வாரம் நோட்டில் இப்படி:
சரக்கு வண்டி. முழித்திருந்தேன்.
இன்னொரு சரக்கு, லேட்டு. முழித்திருந்தேன்.
ரப்பர் வெட்டப் போகிற பெனடிக்டின் தலைவிளக்கு
சன்னலைத் தடவிப் போனது. முழித்திருந்தேன்.
மாதா கோயில் மணி.
லைன் கிளியர் இல்லை.

ஒன்பதாம் நாள்
டாக்டர் சொன்னபடி எழும்பி
அடுக்களைக்குப் போனேன்.
இருட்டில், கிரைண்டர் பக்கத்தில், குளிர்ந்த தரையில்
காலை நீட்டி இருக்கிறாள் விஜிலா.
நீ எப்ப எழும்பின?
இப்பதான் கேக்கத் தோணிச்சா?

பத்தொன்பது வருஷம்
ஒவ்வொரு வண்டிக்கும் அவளும் முழித்திருக்கிறாள்.
ஹாரன் கேட்டு,
கடைசிப் பெட்டி தாண்டி,
வேறு சத்தம் ஒன்றும் இல்லையென்றால்
திரும்பிப் படுப்பாளாம்.
நீங்க ஒறங்கியிருவீங்களோன்னு.
வேறென்ன.

அவள் ஷிப்டுக்குப் பதிவேடு கிடையாது,
ரகசிய எண் கிடையாது,
மாற்றிவிட ஆளும் வரவில்லை.
நான் பகலில் ஒறங்கிய வீட்டில்
அவள் விரல்வைத்து மூடிய பாத்திரங்களை நினைத்தேன்.
என்ன சொல்ல?
சீரக வெள்ளம் இருந்தது, ஒரு கிளாசில் ஊற்றினேன்.
அவள் பாதி, நான் பாதி.

அப்போது ஒரு வண்டி வந்தது.
பேசாமல் கேட்டோம்.
கிளாஸ் மேடையில் கொஞ்சம் நடுங்கி நின்றது.
போச்சு, என்றாள்.
போச்சு, என்றேன்.

மறுநாள் நோட்டில் நடுவே கோடு போட்டேன்,
எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம்.
டாக்டர் பார்த்துவிட்டு
இவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, என்றார்.

பெரிதாக மாறிவிடவில்லை.
மழை அடித்த இரண்டு நாள் சுரங்கப்பாதையை நினைத்து முழித்தேன்.
ஒரு நாள் அவள் சாயா குடித்துவிட்டு மறைத்தாள்,
நோட்டில் கறை இருந்தது.

நேற்று அவள் பக்கத்தில்
தெரியல்ல என்று எழுதியிருக்கிறாள்.
என் பக்கம் காலி.
அஞ்சரைக்கு அலாரம் அடித்தபோது
முதலில் கண் திறந்தது யார் என்று
இன்னும் தகராறு.